லயங்களின் இருளும் பசுமை மின்சாரமும்

2020 ஆகஸ்ட் 6 இரவு, இடுக்கி மாவட்டம் மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். கனமழையால் மின்சாரம் அற்று, தொலைத்தொடர்பும் துண்டிக்கப்பட்டிருந்தமையால், செய்தி வெளியுலகை எட்டுவதற்கே மறுநாள் காலையாயிற்று. பெரியவரை தற்காலிகப் பாலம் அடித்துச் செல்லப்பட்டிருந்ததால் மீட்புப் பணியும் தாமதமாயிற்று.

கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம் 1940இல் தொடங்கப்பெற்றது இதே மூணாறை ஒட்டிய பள்ளிவாசலில்தான். 780 மெகாவாட் திறனுடைய இடுக்கி நிலையமும் இம்மாவட்டத்திலேயே உள்ளது. நிலக்கரிப் புகையற்ற மின்சாரத்தை நாட்டுக்கு வழங்கும் மலையின் மக்கள், மழை வலுக்கும் இரவில் இருளில் கிடக்கின்றனர். பாலக்காடு மாவட்டத்தின் நெல்லியாம்பதியும் 2018 ஆகஸ்டில் சாலை துண்டிக்கப்பட்டுத் தனித் தீவானது. மின்னமைப்பின் தாங்குதிறனை, மின்நிலையத்தின் மெகாவாட்டைக் கொண்டல்ல, கம்பியின் கடைசி வீட்டில் நின்றே அளக்க வேண்டும்.

ஒன்றிய அரசு 2024இல் அறிவித்த சூரிய மின்சக்தித் திட்டம், வீட்டுக் கூரையில் தகடு பொருத்துவோருக்கு 78,000 ரூபாய் வரை மானியம் அளிக்கிறது. ஆனால் அது சொந்த வீடும் தகுந்த கூரையும் உடையோருக்கென வகுக்கப்பட்டது. லயத்தின் கூரையோ தோட்ட நிறுவனத்துக்குரியது. தலைமுறை தலைமுறையாக அதன்கீழ் வாழ்ந்தும், பணி ஓய்வுபெற்றால் வெளியேற வேண்டிய தொழிலாளிக்கு இம்மானியத்தால் என்ன பயன்?

ஆகவே, தனிமனிதக் கூரையை விடுத்துப் பொதுக் கூரையிலிருந்து தொடங்குவதே நியாயம். ஒவ்வொரு தோட்டக் குடியிருப்பிலும் பள்ளி, மருந்தகம், நியாயவிலைக் கடை ஆகியவற்றின்மேல் சூரியத் தகடுகளும் பேட்டரிகளும் அமைய வேண்டும். கம்பி அறுந்தாலும் மருந்தகத்தின் குளிர்பெட்டியும் கைப்பேசிக் கோபுரமும் சில நாட்களாவது இயங்க வேண்டும். பழுது நீக்க நகரத்திலிருந்து ஆள் வரும்வரை காத்திராமல், தோட்டத்து இளைஞர்களுக்கே பயிற்சி அளிக்கலாம். பாலம் உடைந்தபின் உதிரிப்பாகம் மலையேறாது. ஆதலால் பருவமழைக்கு முன்பே அது அங்கே இருப்பில் இருக்க வேண்டும். சூரியக் கலங்களுக்குப் பெருமளவில் இறக்குமதியையே நம்பியிருக்கும் நிலையில், உற்பத்தியில் பொதுத்துறை இறங்குவதும் இன்றியமையாதது.

இவை இலாபக் கணக்குக்கு ஒத்துவராதவை. 2018 வெள்ளத்தில் அறுந்த சுமார் 25 லட்சம் இணைப்புகளை மீட்டவர்கள் கேரள மின்வாரியத்தின் ஊழியர்கள். ஒரே பகுதியில் பல விநியோகஸ்தர்களை அனுமதிக்கும் 2022 மின்சாரத் திருத்த மசோதாவின் பாதையில் சென்றால், தனியார் நகரத்து வாடிக்கையாளரைத் தேர்ந்துகொள்வர். மலைமேல் சிதறிக் கிடக்கும் லயங்களை விரும்பி நாடி வருவோர் எவருமிலர்.

பெட்டிமுடியில் உயிர் பிழைத்தோருக்கு வீடுகள் கட்டித் தரப்பட்டன. பிற தோட்டங்களின் லயங்களில் ஒவ்வொரு ஜூன் மாதமும் அதே அச்சத்துடன் தொடங்குகிறது. அடுத்த பருவமழைக்கு முன்னர் அங்கே விளக்கெரியச் செய்வது ஆட்சியாளரின் கடமை. அதனைக் கேட்டுப் பெறுவது தொழிற்சங்கங்களின் கடமை.