குடம் அடிப்பவரின் பேத்திக்கு ஏன் இல்லை?

மாண்புமிகு ஒன்றிய சமூகநீதி, அதிகாரமளித்தல் துறை அமைச்சர் டாக்டர் வீரேந்திர குமார் அவர்களுக்கு,

கன்னியாகுமரி மாவட்டத்தின் நாஞ்சில் நாட்டிலிருந்து எழுதுகிறேன். 31 ஆண்டு பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன். ஆங்கிலத்தில் மனு எழுத எனக்குத் தெரியும். மனத்தில் இருப்பதை அந்த மொழியில் எழுத வராது. அதனால் இதைத் தமிழிலேயே எழுதுகிறேன். வாசித்துச் சொல்ல உங்கள் அமைச்சகத்தில் ஆள் இருப்பார்கள்.

இரண்டு ஆண்டாக மனு எழுதிப் பார்த்தேன். பதிவுத்தபாலில், ஒப்புகை அட்டையோடு. அட்டைகள் ஒழுங்காகத் திரும்பி வந்தன, பதில்தான் வரவில்லை. எந்த அலுவலகம், எந்த அதிகாரி என்று இங்கே சொல்லப்போவதில்லை. நேரில் போன இடங்களில் உட்காரச் சொன்னார்கள், மரியாதையாகப் பேசினார்கள், விதியை எடுத்துக் காட்டினார்கள். அந்த விதிக்குப் பொறுப்பான இடத்தில் கேட்பதுதான் முறை என்று இப்போது உங்களிடம் வருகிறேன்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி. பெயர் வேண்டாம். அவளுடைய பாட்டா, அதாவது தாத்தா, வில்லுப்பாட்டில் குடம் அடிப்பவர். அம்மா வயல் வேலைக்குப் போகிறவர். ஆண்டு வருமானம் உங்கள் உச்சவரம்பான 8 லட்சத்துக்குப் பக்கத்தில்கூட வராது. சாதிச் சான்றிதழ், மதிப்பெண், வயது, எல்லாம் சரி. உங்கள் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை எந்த வீட்டுக்காக உண்டாக்கப்பட்டதோ அந்த வீட்டுப் பிள்ளை. இசையியல் படிக்க வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடமும் வாங்கிவிட்டாள். எங்கள் தெருவில் அப்படி ஒரு கடிதத்தை அதற்கு முன் யாரும் கையில் பிடித்ததில்லை.

அவள் எடுத்த தலைப்பு இதுதான்: ஊர்த் தெய்வங்களுக்கு எடுக்கும் கொடைவிழாவில் வில்லுப்பாட்டுக் கதை சாவை நெருங்கும்போது தாளம் எப்படி மாறுகிறது, அந்த மாற்றத்துக்கும் சாமியாடிக்கு அருள் வருவதற்கும் என்ன தொடர்பு.

அமைச்சர் அவர்களே, எங்கள் பக்கத்துக் கொடையில் நீங்கள் ஒரு ராத்திரி உட்கார்ந்திருந்தால் அந்தத் தலைப்பின் கனம் புரிந்திருக்கும். பனந்தடியில் செய்த நீளமான வில், அதில் வரிசையாக மணிகள். நடுவில் கதை பாடும் புலவர் வீசுகோலோடு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் குடம், உடுக்கு, ஜால்ரா, கட்டை. மணிக்கணக்காகக் கதை நிதானமாக நடக்கும். பெண்கள் பொங்கல் பானையைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள், பிள்ளைகள் தூங்கிவிடும். கதைத்தலைவனை வெட்டப்போகும் இடம் வந்ததும் குடத்தின் அடி மாறும். உடுக்கு அதைப் பிடித்துக்கொண்டு ஏறும். புலவர் பேச்சைக் குறைத்துவிடுவார். எங்கிருந்தோ ஒரு கூச்சல் எழும்பும், சாமியாடி எழுந்துவிடுவார். எந்த இடத்தில் எழுவார் என்று பாட்டாவுக்கு முன்கூட்டியே தெரியும். எப்படித் தெரியும் என்று பேத்தி கேட்டால், "கை சொல்லும்டி" என்பார். அந்தக் கைக்குத் தெரிந்ததை எழுத்தில் கொண்டுவர வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

அதற்கு உங்கள் விதியில் இடம் இல்லை. 2022 பிப்ரவரியில், 2022-23ஆம் ஆண்டுத் தேர்வுக்கான வழிகாட்டு நெறிகளில், உங்கள் அமைச்சகம் ஒரு வரியைச் சேர்த்தது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு இந்த உதவித்தொகை கிடையாது என்று அந்த வரி சொல்கிறது. அதற்கு முன் இருந்த ஆண்டுகளில் இப்படி ஒரு வரி இல்லை. மேலைநாட்டுப் பியானோ படிக்கப் போகிறேன் என்று ஒரு பிள்ளை கேட்டால் இந்த வரி குறுக்கே நிற்காது. பாட்டா அடிக்கும் குடத்தைப் பற்றி எழுதப்போகிறேன் என்று கேட்டால் நிற்கும்.

ஓர் அலுவலகத்தில் நல்ல மனசுள்ள ஊழியர் ஒருவர் அவளிடம் சொன்னார்: "தலைப்ப மாத்திக் குடு மக்களே. வேற நாட்டுப் பாட்டுன்னு எழுது. கிட்டும்." அவர் உதவி செய்யத்தான் சொன்னார். அவள் வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்று என்னிடம் கேட்டாள்: "பாட்டா பேர எடுத்தாத்தான் எனக்குக் கிட்டுமா சாரே?" 31 ஆண்டில் எத்தனையோ பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

அவள் தலைப்பை மாற்றவில்லை. விண்ணப்பிக்கவும் இல்லை. சேரச் சொன்ன தேதி போயிற்று. இப்போது நாகர்கோவிலில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள்.

அந்த வரிக்கு அப்போது அதிகாரிகள் செய்தியாளர்களிடம் ஒரு காரணம் சொன்னார்கள். இந்தியாவைப் பற்றிப் படிக்க இந்தியாவிலேயே நூல்களும் ஆவணங்களும் அறிஞர்களும் இருக்கிறார்கள். அதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை என்றார்கள். மற்றப் பாடங்களைப் பற்றி மற்றவர்கள் பேசட்டும். வில்லுப்பாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1970-களின் பிற்பகுதியில் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் எங்கள் மாவட்டத்துக்கு வந்தார். தமிழ் கற்றுக்கொண்டு, கொடை கொடையாகப் போய் உட்கார்ந்து, புலவர்களோடு பழகி, பதிவு செய்தார். வில்லுப்பாட்டை வைத்தே கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அவருடைய நூலைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 1988-ல் வெளியிட்டது. பிறப்பையும் இறப்பையும் பாடுவது என்று பொருள் வரும் தலைப்பு. கயிலையில் பிறந்து இறங்கிவந்த தெய்வங்களின் கதை ஒரு வகை, மண்ணில் பிறந்து வெட்டுப்பட்டுத் தெய்வமானவர்களின் கதை இன்னொரு வகை, இரண்டுக்கும் பாடும் முறையும் கேட்கும் முறையும் வேறு என்று எங்களுக்கே அவர் விளக்கிச் சொன்னார். நன்றியோடுதான் சொல்கிறேன், அது அருமையான நூல். தமிழிலும் உழைத்தவர்கள் உண்டு. நாகர்கோவிலில் இருந்துகொண்டு அ.கா. பெருமாள் தேடித்தேடிச் சேர்த்தது ஒரு பல்கலைக்கழகத் துறையே செய்ய வேண்டிய வேலை. ஆனால் இசை இசையாகவே, தாளம் தாளமாகவே ஆராயப்பட வேண்டும் என்று என் மாணவி தேடியபோது அவள் கைக்குக் கிடைத்தது பிளாக்பர்ன் நூலின் ஒளிநகல்தான். தன் பாட்டா உட்கார்ந்து அடித்த கொடைகளின் இசையை அவள் ஆங்கிலத்தில் படித்தாள்.

அந்நிய நாட்டு மாணவர் நாஞ்சில் நாட்டுக்கு வந்து வில்லைப் படித்துப் பட்டம் வாங்கலாம். நாஞ்சில் நாட்டுப் பெண் அந்நிய நாட்டுக்குப் போய் வில்லைப் படிக்க அவளுடைய அரசு காசு தராது. இதை நியாயம் என்று உங்களால் சொல்ல முடியுமா?

ஆவணங்கள் எல்லாம் இங்கேயே இருக்கின்றன என்பதும் உண்மை அல்ல. டச்சுக்காரர் ஆர்னால்ட் பேக் 1930-களின் இறுதியில் தென்னாட்டில் சுற்றிப் பதிவு செய்த ஒலிகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. 1984-ல் இசை ஆய்வாளர்கள் நசீர் ஜைராஸ்பாயும் ஆமி காட்லினும் அதே தடத்தில் மறுபடி பயணம் செய்து, அந்தப் பாட்டெல்லாம் என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். வெளிநாட்டு ஆய்வாளர்கள் கொண்டுபோன பதிவுகளின் படிகளைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பதற்காகவே அமெரிக்க இந்திய ஆய்வு நிறுவனம் 1982-ல் ஓர் இசைக் காப்பகத்தைத் தொடங்கியது. இன்று அது டெல்லிக்குப் பக்கத்தில் குருகிராமில், உங்கள் அலுவலகத்திலிருந்து காரில் போகும் தூரத்தில் இருக்கிறது. நம் பாட்டு வெளியே போயிருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆவணம் மட்டுமே காரணமும் அல்ல. நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பி, புல்லாங்குழல் டி. விஸ்வநாதன், 1958-ல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா போனார். பின்னாளில் 1975-ல் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அவருடைய ஆய்வுப் பொருள் கர்நாடக இசையின் ராக ஆலாபனை. வீணை தனம்மாளின் பேரனான அவர் ராக ஆலாபனையைத் தெரிந்துகொள்ளவா கடல் தாண்டினார்? தெரிந்ததை வேறொரு நாட்டார் கேட்கும்படி, வேறு இசைகளோடு வைத்து, சொல்லும் முறையைக் கற்கப் போனார். என் மாணவி கேட்டதும் அதுதான். வில்லை இசைக்கருவியாக்கியவர்கள் உலகில் பலர். பக்கத்துத் திருவனந்தபுரத்தில் வில்லடிச்சாம்பாட்டு இருக்கிறது. பிரேசிலில் அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்களின் சந்ததியார் பெரிம்பாவ் என்ற வில்லை மீட்டுகிறார்கள். ஒடுக்கப்பட்டவர்கள் கையில் வில் எப்படிப் பாட்டாகிறது என்று அந்த மக்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து பேச வேண்டாமா எங்கள் பிள்ளை?

சமூகநீதி என்பது உங்கள் அமைச்சகத்தின் பெயரிலேயே இருக்கிறது. அதனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாட்டாவின் குழு பாடும் கதைகளில் முத்துப்பட்டன் கதை ஒன்று. நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை பதிப்பித்த கதை. பிராமணப் பிள்ளை ஒருவன் பாபநாச மலைப்பக்கத்தில் சக்கிலியர் வீட்டுப் பெண்களான பொம்மக்கா, திம்மக்காவை விரும்புகிறான். பூணூலை விட்டு, தோல் பதனிட்டு, செருப்புத் தைத்துக் கொடுத்து அவர்களை மணக்கிறான். மாமனாரின் மாடுகளைக் காக்கப் போய்க் குத்துப்பட்டுச் சாகிறான். அவன் இன்று தெய்வம். சாதியைப் பற்றி எங்கள் பக்கத்து ஏழைகள் எழுதிவைத்த வரலாறு அது. தாளில் எழுதவில்லை, தாளத்தில் எழுதினார்கள். அதை ஆராயப் போனால் பண்பாடு என்று ஒரு தடை, சமூக ஆய்வு என்று இரண்டாவது தடை, வரலாறு என்று மூன்றாவது தடை. ஒரே வரியில் மூன்று கதவையும் சாத்தியிருக்கிறீர்கள். தாழ்த்தப்பட்டவரின் பிள்ளை எதை வேண்டுமானாலும் படிக்கலாம், தன்னைத் தாழ்த்தியது எது என்பதை மட்டும் வெளிநாட்டில் உட்கார்ந்து படிக்கக் கூடாது. இதைச் சொல்ல உங்களுக்கு யார் உரிமை தந்தது?

1916-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த மார்ச்சில் பரோடாவில் நடந்த அனைத்திந்திய இசை மாநாட்டில், எங்கள் தென்கோடிச் சாம்பவர் வடகரையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் தமிழிசையின் சுருதிகளைப் பற்றிப் பேசினார். அந்த மே மாதம் நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்து மானிடவியல் கருத்தரங்கில், 25 வயது அம்பேத்கர் இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றின என்ற கட்டுரையை வாசித்தார். பண்டிதரை அழைத்ததும் அம்பேத்கரை அனுப்பியதும் ஒரே அரசர், பரோடாவின் சாயாஜிராவ். கட்டுரையின் பொருள் இந்தியா, ஊரில் படித்தால் போதாதா என்று அந்த மன்னர் கேட்கவில்லை. குடியரசு கேட்கிறது. அம்பேத்கர் படத்தை மாட்டியிருக்கும் அலுவலகங்களில் அவருடைய அந்த ஆய்வுக் கட்டுரைக்கே உதவித்தொகை மறுக்கும் விதி நடைமுறையில் இருக்கிறது.

மொத்தம் 125 இடம். இத்தனை பெரிய நாட்டில், ஓர் ஆண்டுக்கு 125 பேர். அதில் 4 இடம் நிலமற்ற வேளாண் தொழிலாளர், மரபுக் கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகளுக்கு. மரபுத் தொழில் செய்பவனின் மகன் வரலாம், அவன் மரபைப் பற்றிப் படிக்க மட்டும் வரக் கூடாது என்றால் அந்த 4 இடத்தை எதற்காக ஒதுக்கினீர்கள்?

எனக்குச் சட்டம் பேசத் தெரியாது. குழு அமையுங்கள், அறிக்கை வாங்குங்கள் என்றெல்லாம் கேட்கவில்லை. அந்த வரியை எடுங்கள். ஒரு கையெழுத்தில் வந்தது, ஒரு கையெழுத்தில் போகட்டும். அதை எடுக்க மனம் இல்லையென்றால், எங்கள் ஊர் வேப்பமரத்தடிக்கு வந்து அந்தப் பெண்ணிடம் நீங்களே பதில் சொல்லுங்கள்.

போன கொடையில் பாட்டாவுக்குப் பாதி ராத்திரிக்கு மேல் கை ஓடவில்லை. குடத்தை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் பந்தக்காலில் சாய்ந்து உட்கார்ந்தார். இடம் தவறிப்போயிற்று, சாமியாடி எழும்ப நேரமாயிற்று. பேத்தி கைப்பேசியில் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டு பக்கத்தில் இருந்தாள். அவளுக்கு இப்போது 27 வயது. உங்கள் விதிப்படி 35 வரை விண்ணப்பிக்கலாம், காலம் இருக்கிறது. பாட்டாவுக்கு 81.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
நாஞ்சில் நாடு, கன்னியாகுமரி மாவட்டம்