தண்ணீருக்குள்ளே ஒரு சம்மட்டி

குற்றாலம் பேரருவியில் தலை கொடுத்திருப்பீர்கள். உச்சியிலிருந்து வருகிற தண்ணீர் நேரே நம் தலையில் விழுந்தால் என்ன கதியாவது? நல்லவேளை, நடுவழியில் பொங்குமாங்கடல் என்ற பள்ளம் அதை வாங்கி, வேகத்தைத் தணித்துக் கீழே அனுப்புகிறது. நமக்கு முதுகு பிடித்துவிட்ட சுகம்!

இதற்கு நேர்மாறாக, உடம்பில் நுழையும்போது மெதுவாகத் தட்டி, உள்ளே போனபின் சம்மட்டி அடி அடிக்கும் நீரலை ஒன்று உண்டு. கல்லடைப்புக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய அலை.

தென்காசியில் சாரல் அடித்தாலும், கிழக்கே ஆலங்குளம் பக்கம் போனால் வெயில் சுட்டெரிக்கும். காட்டு வேலை செய்கிறவர்களும் பீடி சுற்றுகிற பெண்களும், வேலை கெடுமே என்று தண்ணீர் குடிக்காமலே பொழுதை ஓட்டிவிடுவதுண்டு. சிறுநீர் சுண்டினால் அதிலுள்ள உப்புகள் கல்லாக உறைகின்றன. அந்தக் கல் நகரும்போது விலாவிலிருந்து அடிவயிற்றுக்கு இழுக்கும் வலி இருக்கிறதே, அது பிரசவ வலிக்குக் குறைந்ததல்ல என்கிறார்கள், இரண்டையும் பட்டவர்கள்.

முன்பெல்லாம் பெரிய கல் என்றால் விலாப்புறத்தைக் கீறித்தான் எடுப்பார்கள். 1980 பிப்ரவரியில் ஜெர்மனியின் மியூனிக் நகரில், கத்தி படாமலே ஒரு நோயாளியின் கல்லை உடைத்தார்கள். யந்திரம் செய்தது டோர்னியர் என்ற விமானக் கம்பெனி. விமானத்துக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன உறவு என்கிறீர்களா? அதிவேக விமானத்தில் மழைத்துளி மோதினால் எழும் அதிர்ச்சி அலையை ஆராயப் போனவர்கள், கடைசியில் கல்லில் கைவைத்தார்கள்! நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, நீருக்குள் மின்பொறியை வெடிக்க வைத்தார்கள். பொறி முனைகள் சீக்கிரம் தேய்ந்துபோவது பெரிய தொல்லை.

அந்தத் தொல்லையைத் தீர்த்தது மின்காந்த முறை. ஐசன்மெங்கர் என்ற ஜெர்மானியர் 1962-லேயே இதைப் பற்றி எழுதியிருந்தார். தட்டையான கம்பிச் சுருள் ஒன்று, அதன்மேல் மெல்லிய உலோகத் தகடு, அதற்கப்பால் தண்ணீர். ஆயிரக்கணக்கான வோல்ட்டில் சேமித்த மின்சாரத்தை ஒரே கணத்தில் சுருளில் பாய்ச்சினால், தகட்டில் எதிர்த்திசையில் மின்னோட்டம் எழும். சுருள் தகட்டைத் தள்ளும். தகடு துள்ளித் தண்ணீரைக் குத்தும். பூதக்கண்ணாடி வெயிலைக் குவிப்பதுபோல் ஒரு வில்லை அந்த அலையைக் கல்லின்மேல் குவிக்கும். அங்கே அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் பல நூறு மடங்கு! வழியிலுள்ள சதை பெரும்பாலும் தண்ணீர்தானே. அலை அதைக் கடந்து போய்விடும். கல் வேறு ஜாதி, முட்டி நொறுங்கும்.

இப்போது தொட்டியெல்லாம் இல்லை. நீர் நிரப்பிய மெத்தைபோன்ற பையை உடம்போடு ஒட்டி வைக்கிறார்கள். சுமார் ஒரு மணி நேரத்தில் இரண்டாயிரம், மூவாயிரம் தட்டு. தூளான கல் சில நாட்களில், சிலருக்குச் சில வாரங்களில், சிறுநீரோடு வெளியேறும்.

எல்லாக் கல்லும் இதற்கு மசியாது. 2 சென்டிமீட்டருக்கு மேற்பட்டால் பெரும்பாலும் வேறு வழிதான். கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் முன்னாடியே சொல்லிவிட வேண்டும்.

வலியோடு குளிர்காய்ச்சலும் சேர்ந்ததா? வாழைத்தண்டுச் சாறு, பக்கத்து வீட்டுப் பாட்டி யோசனை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதலில் அடைப்பட்ட சிறுநீருக்கு வழிவிட வேண்டும். கல்லை அப்புறம் உடைத்துக்கொள்ளலாம்.