பழைய ஸ்டீரியோ செட்டைத் தூக்கிப் போடுமுன்

வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களின் வீடுகளில், வரவேற்பறை ஷோகேஸின் நடுத்தட்டில் கனத்த ஜப்பானியப் பெட்டி ஒன்று அமர்ந்திருக்கும். வெள்ளிநிற முகப்பு, உள்ளங்கை நிறையும் வால்யூம் திருகி, இருட்டில் மங்கலாய் ஒளிரும் வானொலி அளவுகோல். ரிசீவர் என்பது அதன் பெயர். வானொலியும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே உடம்பில் சேர்ந்தது. வீட்டார் அதைச் ‘செட்’ என்றே அழைத்தனர். இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவையை அதில் கேட்டோம். டெக்கை இணைத்து நாகூர் ஹனிபாவின் கேசட்டுகளைத் தேயும்வரை ஓட்டினோம்.

அந்தப் பெட்டிகள் இப்போது ஒவ்வொன்றாகக் காயலான் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. (அந்தக் கடைக்கு அப்பெயர் வந்ததே காயல்காரர்களால்தான் என்று சொல்வதுண்டு, அது வேறு கதை.) முதலில் ஓர் உறுமல் கேட்கும். பிறகு ஒரு பக்க ஸ்பீக்கர் மெலியும். கடைசியில் ஒருநாள் ஃபியூஸ் போகும். கடைக்குத் தூக்கிச் சென்றால், மூடியைக்கூடத் திறவாமல் தீர்ப்பு வந்துவிடும்: “போர்டு போச்சு, பார்ட்ஸ் கிடைக்காது, புதுசு வாங்கிக்குங்க.” இந்தத் தீர்ப்பை நாம் அவ்வளவு எளிதில் ஏற்கக் கூடாது என்பதே இங்கு நாம் சொல்ல வந்தது. பல வேளைகளில் போவது போர்டு அன்று. அதன்மேல் நிற்கும் சில சிறிய உருளைகள். பள்ளிப் புத்தகம் அவற்றை மின்தேக்கி என்கிறது. பட்டறை கண்டென்சர் என்கிறது.

அதன் உள்ளமைப்பை அறிந்தால் அது ஏன் கெடுகிறது என்பது தானே விளங்கும். இரண்டு மெல்லிய அலுமினியத் தாள்கள். அவற்றுக்கிடையே ஒரு திரவத்தில் நனைத்த காகிதம். மூன்றையும் பாய்போலச் சுருட்டி ஒரு டப்பாவில் இட்டு, அடியில் ரப்பர் அடைப்பு வைத்து மூடியிருப்பார்கள். ஒரு தாளின்மேல் படிந்த மிக மெல்லிய ஆக்சைடு படலமே மின்சாரத்தைத் தடுத்துத் தேக்குகிறது. அந்தப் படலத்தில் நேரும் சிறு பழுதுகளை உள்ளிருக்கும் திரவம் அவ்வப்போது சரிசெய்துகொள்ளும். ஆண்டுகள் செல்லச்செல்ல ரப்பரின் வழியே திரவம் வற்றுகிறது. தேக்கும் அளவு குறைந்து, உள்தடை கூடுகிறது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதை நேர்மின்சாரமாக மாற்றும்போது நொடிக்கு 100 அலைகள் எழும். அந்த அலைகளைச் சமன்செய்வது பெரிய கண்டென்சர்களின் வேலை. அவை தளர்ந்தால் அதே 100 அலை ஸ்பீக்கரில் உறுமலாக வந்து நிற்கும். வால்யூமை அடியோடு குறைத்தும் உறுமல் மாறவில்லையெனில், முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுவே.

இதில் வெப்பத்தின் பங்கு பெரிது. சாதாரணக் கண்டென்சர் ஒன்றின் உடம்பில் 85 டிகிரி என்று அச்சிட்டிருப்பார்கள். 85 டிகிரி வெப்பத்தில் 2,000 மணி நேரம் உழைக்கும் என்று ஒரு தயாரிப்பாளர் உறுதி கூறுவதாகக் கொள்வோம். வெப்பம் பத்து டிகிரி குறையக் குறைய ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொறியாளர்களின் கணக்கு. ஆக, பெட்டிக்குள் 55 டிகிரி இருந்தால் 16,000 மணி நேரம். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் ஒலித்தால் பதினோர் ஆண்டு. நாமோ கடற்கரை ஊரின் சித்திரை வெயிலில், காற்றுப் புகாத கண்ணாடிக் கதவுக்குள், மேலே ஒரு பூவேலைத் துணியையும் விரித்து அதை வைத்தோம். அப்படியிருந்தும் நாற்பது ஆண்டு உழைத்த செட்டுகளைப் பார்த்தால், குற்றம் சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

நம் வீட்டுச் செட்டை 1984இல் வாப்பா ஜித்தாவிலிருந்து கொண்டுவந்தார்கள். அந்நாளில் சவூதி வீடுகளில் 127 வோல்ட் மின்சாரம். ஆகவே செட்டின் முதுகில் வோல்ட்டை மாற்றும் திருகி ஒன்று உண்டு. ஊர் வந்ததும் வாப்பா செய்த முதல் வேலை அதை 220க்குத் திருப்பியது. (இத்தகைய பழைய செட்டை யாரேனும் பரிசாகத் தந்தால், மின்சாரத்தில் மாட்டுமுன் அந்தத் திருகியைப் பார்த்துவிடுங்கள்.) வாப்பா மவுத்தான பின் ஆறு ஆண்டுகள் அது துணி போர்த்திக் கிடந்தது. ஒரு ரமலானுக்கு முன் உம்மா கேட்டார்கள் என்று நேராக மாட்டிச் சுவிட்சைப் போட்டோம். அதுவே நம் முதல் பிழை. நெடுநாள் உறங்கிய கண்டென்சரின் படலம் நலிந்திருக்கும். முழு மின்னழுத்தம் திடீரெனப் பாய்ந்தால் உள்ளே கசிந்து சூடாகும். வரிசையில் ஒரு குண்டு பல்பை இணைத்து, அதன் வழியே மின்சாரம் ஊட்டியிருக்க வேண்டும். பழைய மெக்கானிக்குகள் சீரிஸ் லாம்ப் என்பது இதைத்தான். உள்ளே எங்கேனும் பழுதிருந்தால் பல்பு பளிச்சென்று நின்று எரிந்து எச்சரிக்கும், செட் பிழைக்கும். நமக்கு உறுமலும் கருகல் வாடையும்தான் கிடைத்தன.

இரண்டாவது பிழை காசை எண்ணிச் செய்தது. நகரத்து மின்னணுச் சந்தை ஒன்றில், பெயர்பெற்ற நிறுவனத்தின் முத்திரையோடு, பாதி விலையில் இரண்டு பெரிய கண்டென்சர்கள் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் 10,000 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் என்று எழுதியிருந்தது. ஒரு பையனைக் கொண்டு மாட்டினோம். உறுமல் குறைந்தது; மகிழ்ந்தோம். அடுத்த மழைக்காலத்துக்குள் ஒன்று வீங்கி வெடித்தது. ஊரில் ஓய்ந்திருந்த பழைய ரேடியோ மெக்கானிக் காக்கா ஒருவரிடம் அதைக் கொண்டுபோனோம். அவர் பிளாஸ்டிக் உறையைக் கத்தியால் கீறிக் காட்டினார். பெரிய டப்பாவுக்குள் அட்டையைச் சுற்றி, நடுவே ஒரு சிறிய கண்டென்சர். “தம்பி, சட்டை ஒருத்தனுது, உள்ள இருக்குறது வேற ஆளு” என்றார். வெடிக்காத மற்றொன்றை மீட்டரில் வைத்தார். எழுதியிருந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தராசில் கை வைக்கும் வியாபாரியை நம் தெருவில் யாரும் மன்னிப்பதில்லை. மைக்ரோஃபாரடும் ஓர் அளவைதான். கண்ணுக்குத் தெரியாத அளவை என்பதால் அதில் குறைப்பவன் தப்பித்துக்கொள்கிறான். பாதி விலை என்றதும் கேள்வி கேளாமல் வாங்கும் நாமும் அவனுக்குத் துணைபோகிறோம்.

காக்கா வேலை செய்த விதத்தைப் பார்த்தபோது நம் எண்ணம் ஒன்று மாறியது. பழைய செட் என்றால் எல்லாக் கண்டென்சர்களையும் ஒருசேரப் பிடுங்கி மாற்றுவதே சிறந்தது என்று இணையத்தில் படித்துவிட்டு, நீண்ட பட்டியலோடு போயிருந்தோம். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக அளந்தார். இவ்வகைக் கண்டென்சர்கள் புதியனவாக இருக்கும்போதே எழுதியதைவிட இருபது விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கலாம். எனவே சற்றுக் குறைந்ததெல்லாம் கெட்டதாகாது. உள்தடை ஏறியிருந்த பதினொன்றை மட்டும் மாற்றினார். திரவமில்லாத பிளாஸ்டிக் படலக் கண்டென்சர்களை அவர் தொடவேயில்லை. ஒவ்வொரு முறை சூடாக்கும்போதும் பழைய போர்டின் செப்புத் தடம் உரிந்துவர வாய்ப்புண்டு. தேவையின்றிப் பிடுங்கிய ஒவ்வொன்றும் ஒரு புதுப் பழுதுக்கான வாசல். ஓரிடத்தில் பழுப்பாக ஏதோ வழிந்திருக்க, கண்டென்சர் ஒழுகிவிட்டது என்று நாம் பதறினோம். அது தொழிற்சாலையில் இட்ட பசை என்றார். ஆனால் அதையும் விட்டுவைக்கவில்லை. அந்நாளைய பசை சூட்டில் கருத்து மின்சாரம் கடத்தத் தொடங்கும். அருகிலுள்ள கம்பிகளையும் அரிக்கும். அதைச் சுரண்டி எடுக்கவே ஒரு மாலைப்பொழுது சென்றது.

தாமே செய்ய விரும்பும் இளைஞர்களை நாம் தடுக்க மாட்டோம். அடுத்த தலைமுறையில் இந்தக் கைவேலை தெரிந்தவர் ஊருக்கு ஒருவராவது வேண்டும். ஆனால் பிளக்கைப் பிடுங்கிவிட்டால் ஆபத்து நீங்கிற்று என்று எண்ணாதீர்கள். பெரிய கண்டென்சர்கள் அதன்பிறகும் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்கவிடுவது வீரமன்று. 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் காப்பிட்ட கம்பிகளோடு சிறிது நேரம் இணைத்து வடித்துவிட்டு, மீட்டரில் சுழியத்தை அடைந்ததைப் பார்த்த பின்னரே கை வையுங்கள். கழற்றுமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பில் கோடு போட்ட பக்கம் எதிர்முனை; திருப்பி மாட்டினால் வெடிக்கும். மைக்ரோஃபாரட் அதேதான் இருக்க வேண்டும்; வோல்ட் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது; நம் வெயிலுக்கு 105 டிகிரி வகை நல்லது. முனைபேதம் இல்லாத வகை இருந்த இடத்தில் அதே வகையைத்தான் இட வேண்டும். முடித்ததும் ஸ்பீக்கரை உடனே இணைத்துவிடாமல், அந்த முனைகளில் நேர்மின்னழுத்தம் உண்டா என்று அளந்துகொள்ளுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. முதல்முறை செய்பவர் அருகில் தெரிந்த ஒருவரை வைத்துக்கொள்ளட்டும். வீட்டுக் குழந்தைகளை அறைக்கு வெளியே நிறுத்தட்டும்.

கூலி பற்றியும் சொல்ல வேண்டும். பொருளுக்கு 900 ரூபாயும் மூன்று நாள் வேலைக்கு 1,200 ரூபாயும் காக்கா கேட்டார். “பழைய சாமான்தானே, குறைத்துக்கொள்ளுங்களேன்” என்று நம் வாயிலிருந்து வந்தது. அதே மாதத்தில் ஒரு ஷோரூமில் விலைச்சீட்டில் கண்டதை மறுபேச்சின்றிக் கொடுத்துவிட்டு, புளூடூத் ஸ்பீக்கரைச் சுமந்து வந்தவர்கள் நாம். அதைத் திறக்கத் திருகாணியே கிடையாது. உள்ளிருக்கும் பேட்டரி ஓய்ந்தால் பெட்டியே ஓய்ந்தது. வீண்விரயம் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சோற்றுத் தட்டைக் காட்டிச் சொல்கிறோம். உழைப்பவரின் கூலியைப் பற்றி ஜும்ஆ பயானில் கேட்டுத் தலையசைக்கிறோம். ஆனால் பழுது பார்ப்பவர் வாசலில் மட்டும் பேரம் பேசாமல் நமக்கு இருப்புக்கொள்வதில்லை. பேரம் பேசிப் பேசியே நம் ஊர்களில் அந்தப் பட்டறைகள் கைபேசி உறை விற்கும் கடைகளாகிவிட்டன. பிறகு “பார்ட்ஸ் கிடைக்காது” என்ற தீர்ப்பைக் குறைசொல்லி என்ன பயன்? காக்கா ஒன்றும் பேசவில்லை. பட்டியலைப் பையிலிருந்து எடுத்து, மாற்றாமல் விட்ட கண்டென்சர்களை ஒவ்வொன்றாகச் சுட்டி, “இதையெல்லாம் மாத்தியிருந்தா நீங்க கேக்காமலே குடுத்திருப்பீங்க” என்றார். கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

செட் இப்போது அதே ஷோகேஸில்தான் இருக்கிறது. மேலிருந்த துணியை எடுத்துவிட்டோம். கண்ணாடிக் கதவையும் கழற்றிப் பரணில் போட்டாயிற்று. தூசி அடைகிறது என்று உம்மா நாள்தோறும் சொல்கிறார்கள். சொல்லிக்கொண்டே முந்தானையால் துடைக்கவும் செய்கிறார்கள்.