அழைத்தவர் யார் என்று நிரல் கேட்கலாகாது

ஒரு ஃபங்ஷன் தன்னை அழைத்த ஃபங்ஷன் எது என்று அறிய முடியுமா? ஜாவாஸ்கிரிப்டில் நிரல் எழுதத் தொடங்கும் ஆய்வு மாணவர் பலர் இக்கேள்வியை எழுப்புகின்றனர். ‘காலர்’ என்னும் பண்பைக் கண்டதும் விடை கிடைத்ததென மகிழ்கின்றனர். அம்மகிழ்ச்சி ஆய்வுக்குக் கேடு.

தரவகத்தில் சொற்களை எண்ணும் நிரலொன்றைக் கொள்வோம். உரையைச் சொற்களாகப் பிரிக்கும் ஃபங்ஷன், தன்னை அழைத்ததன் பெயர் ‘எண்ணு’ என்றிருந்தால் நிறுத்தக்குறிகளை நீக்குகிறது. வேறெது அழைத்தாலும் விட்டுவைக்கிறது. நிரலைச் சுருக்கும் கருவி ‘எண்ணு’ என்பதை ஓரெழுத்தாக மாற்றிய அன்றே கணக்கு மாறிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. ஆய்வேட்டின் அட்டவணை மட்டும் பொய்யாகும். அதே உரைக்கு அதே விடை வராத கருவியை வைத்து எந்த முடிவை நிறுவ இயலும்?

‘காலர்’ எக்மாஸ்கிரிப்ட் தரநிலை வழங்கிய வசதியன்று. உலாவிகள் தாமாகச் சேர்த்தது. 2009இல் வெளியான ஐந்தாம் பதிப்பு, ஸ்ட்ரிக்ட் மோடில் எழுதிய ஃபங்ஷனிடம் அதைக் கேட்டால் டைப்எரர் எழ வேண்டும் என விதித்தது. 2015இல் வந்த மாட்யூலும் கிளாஸும் எப்போதும் ஸ்ட்ரிக்ட் மோடிலேயே இயங்குபவை. இது வீண் கெடுபிடி அன்று. அழைக்கப்பட்டது அழைத்ததையும், அதற்குத் தரப்பட்ட ஆர்கியுமென்ட்களையும் எட்டிப்பிடிக்கலாம் என்றால் எந்த நிரலுக்கும் மறைவிடம் இல்லை. தன்னைத் தானே அழைக்கும் ஃபங்ஷனிலோ ‘காலர்’ அதே ஃபங்ஷனையே திரும்பத் திரும்பக் காட்டும். அழைப்பு தொடங்கிய இடம் தெரியாது.

பிழை தேட இது வேண்டாமா என்பர். வேண்டும். அதற்கே ‘கன்சோல்.ட்ரேஸ்’ இருக்கிறது, பிழைப்பொருளின் ‘ஸ்டாக்’ இருக்கிறது. அவற்றை மனிதர் படிக்கலாம். நிரலே படித்து, அதற்கேற்ப நடத்தையை மாற்றுவதுதான் குற்றம். ‘ஸ்டாக்’ தரும் உரையின் வடிவம்கூட உலாவிக்கு உலாவி வேறுபடுவது.

தமிழ் வினைமுற்று எழுவாயைத் தன் விகுதியில் தாங்கும். ‘வந்தாள்’ என்ற ஒரு சொல்லே வந்தவர் பெண் என்றும் ஒருவர் என்றும் உணர்த்தும். ஆனால் அச்செய்தி சொல்லிலேயே வெளிப்படையாக நிற்கிறது. பேசியவரின் பையைத் துழாவி எடுத்ததன்று. நிரலுக்கும் அதுவே நெறி. நிறுத்தக்குறிகளை நீக்க வேண்டுமா என்பதை ஓர் ஆர்கியுமென்டாகக் கொடுத்தால் போதும். அந்த ஒரு வரியை எழுதச் சோம்புவோர், தம் ஆய்வை மற்றவர் சரிபார்க்கலாம் என்று அழைப்பதில் பொருளில்லை.