ஓதம் ஏறும் சுவரும் பலூன் படமும்

கரமனையிலிருந்து ஒரு சகோதரி எழுதியுள்ள கடிதத்தை இம்மாதம் எடுத்துக்கொள்கிறேன். கோவில்பட்டிப் பக்கத்தைச் சேர்ந்த அவர்கள், கணவரின் உத்தியோக நிமித்தம் சென்ற மார்கழியில் இங்கு வந்து வாடகை வீட்டில் குடியேறினர். ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. பொங்கல் விடுமுறையில் தாய்மாமன் அவளைப் பொள்ளாச்சிக்கு அழைத்துச் சென்று, 2015-ஆம் ஆண்டு முதல் அங்கு நடைபெற்றுவரும் பலூன் திருவிழாவைக் காட்டியிருக்கிறார். வெப்பக் காற்றை நிரப்பிக்கொண்டு பனை உயரத்துக்கும் மேலே எழும் அந்த வண்ணக் கோளங்களைக் கண்டது முதல், தன் அறைச் சுவரிலும் அவை பறக்க வேண்டும் என்று குழந்தை பிடிவாதம் பிடிக்கிறாளாம். கடையில் பலூன் படம் போட்ட வால்பேப்பரும் பார்த்து வைத்தாயிற்று. "இடவப்பாதி தொடங்குமுன் ஒட்டிவிடலாமா? எந்த நிறம் நல்லது?" என்பது சகோதரியின் வினா. கடிதத்தின் கடைசியில், குளிர் காலத்தில் குழந்தைக்குச் சற்று மூச்சு இழுக்கும் என்று ஒரு வரியும் இருக்கிறது. அந்த வரியை முதலில் வைத்து எழுதியிருந்தால் விடை அவருக்கே தோன்றியிருக்கும்.

அம்மா, தாங்கள் இந்த ஊரின் மழையை இன்னும் கண்டீர்களில்லை. இடவப்பாதி ஒன்று, துலாவர்ஷம் ஒன்று என இருமுறை பெய்து, ஆண்டொன்றுக்குச் சுமார் 1,800 மில்லிமீட்டர் மழை திருவனந்தபுரத்தில் விழுகிறது. கோவில்பட்டிக் கரிசல் பூமி காண்பது அதில் பாதிகூட இல்லை. பங்குனியிலும் சித்திரையிலும் எலும்புபோல் உலர்ந்து நிற்கும் சுவர், ஆடியில் வேறு சுவராகிவிடும். அடித்தளத்திலிருந்து ஓதம் ஏறும். மழைச்சாரல் அடிக்கும் பக்கம் வெளிப்பூச்சில் மயிரிழைப் பிளவு இருந்தால் அதன் வழியே நீர் உட்புகும். சுவருக்கு அப்பால் குளியலறை இருந்துவிட்டாலோ சொல்லவே வேண்டாம்.

வெறும் சுண்ணாம்புச் சுவரானால் ஏறிய ஈரம் மெல்ல வெளியேறி உலர்ந்துவிடும். அதன்மீது பிளாஸ்டிக் பூச்சுள்ள தாளை ஒட்டினால் ஈரம் வெளியே போக வழியின்றித் தாளுக்கும் சுவருக்கும் நடுவில் தங்கும். தாளையும் ஒட்டுப்பசையையும் உண்டு அங்கே பூசணம் வளரும். முன்புறம் பலூன்கள் புன்னகை செய்துகொண்டிருக்க, பின்புறம் கரிய திட்டுகள் படர்வது நம் கண்ணுக்குத் தெரியாது. அதன் நுண்துகள்கள் காற்றில் கலந்தால், மூச்சு இழுக்கும் குழந்தைக்கு இழுப்பு அதிகமாகும். இதனைப் புத்தகம் பார்த்து எழுதவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் என் வீட்டிலேயே ஆசையாக ஒரு சுவருக்குத் தாள் ஒட்டினேன். என் பையன் அச்சுவரோரம் கட்டிலில் படுத்து இரவெல்லாம் இருமினான். மூன்று மாதம் கழாயம் வைத்துக் கொடுத்த பின்னரே கட்டிலை நகர்த்தித் தாளின் ஓரத்தைத் தூக்கிப் பார்க்கும் புத்தி எனக்கு வந்தது. அந்த நெடியை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே இடவப்பாதிக்கு முன் ஒட்ட வேண்டாம். மழை நன்றாகப் பிடித்த பின், ஒரு முழச் சதுரமுள்ள கண்ணாடி போன்ற பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் நாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அச்சுவரில் எத்தாளும் கூடாது. உட்புறம் உலர்ந்திருந்து வெளிப்புறம் மட்டும் வியர்த்திருந்தால், அது அறைக்காற்றின் ஈரம். சன்னலைத் திறந்து வைத்தால் பெரும்பாலும் தீரும். கோடையில் இச்சோதனையைச் செய்து ஏமாந்துவிடாதீர்கள்.

சோதனையில் தேறும் உட்சுவர் ஒன்று இருந்தால், அந்த ஒரு சுவருக்கு மட்டும், மழைக்காலம் கழிந்து தை மாசியில் ஒட்டலாம். கடைக்காரர் சதுர அடிக் கணக்குச் சொல்லுவார். சாதாரணச் சுருள் 53 சென்டிமீட்டர் அகலமும் 10 மீட்டர் நீளமும், அதாவது சுமார் 57 சதுர அடி, இருக்கும். 12 அடி அகலமும் 9 அடி உயரமும் உள்ள சுவர் 108 சதுர அடிதானே, இரண்டு சுருள் போதும் என்று தோன்றும். போதாது. அகலத்துக்கு ஏழு பட்டைகள் வேண்டும். ஒரு சுருளில் மூன்று பட்டைதான் கிட்டும். பலூனின் பாதி ஒரு பட்டையிலும் மறுபாதி அடுத்ததிலும் பொருந்த வேண்டுமாதலால் துண்டுகளை வைத்து ஒப்பேற்றவும் இயலாது. மூன்று சுருள் வாங்க வேண்டும்.

இத்தனை செலவும் வீட்டுக்காரர் சுவருக்கு! உத்தியோகம் மாறினால் தாளை உரித்து எடுத்துச் செல்ல முடியுமா? உரித்தால் பூச்சும் சேர்ந்து வரும், முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்.

இவ்விடத்தில் ஒரு பழங்கதை நினைவுக்கு வருகிறது. வெப்பக் காற்றுப் பலூனைக் கண்டறிந்த மாண்ட்கோல்பியர் சகோதரர் பிரான்சு நாட்டில் காகிதம் செய்யும் குடும்பத்தினர். 1783-ஆம் ஆண்டில் அரசர் முன்னிலையில் பறக்கவிடுவதற்கான பலூனைப் பாரிஸில் ரெவெய்யோன் என்பவருடைய தொழிற்சாலையில்தான் செய்தனர். அவர் சுவரில் ஒட்டும் சித்திரத்தாள் செய்பவர்! சுவர்த்தாளுக்கும் பலூனுக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது. காட்சிக்குச் சில நாள் முன்பு மழை வந்தது. துணியும் காகிதமுமாக அரும்பாடுபட்டுச் செய்த பலூன் நனைந்து உருக்குலைந்தது. அவர்கள் சோர்ந்து உட்காராமல் புதிதாக ஒன்றைச் செய்து, செப்டம்பர் 19-இல் வெர்சாய் அரண்மனையில் ஓர் ஆட்டையும் வாத்தையும் சேவலையும் ஏற்றி அனுப்பினர். மூன்றும் உயிரோடு இறங்கின.

அதனால் என் யோசனை இது. சுவரைச் சுத்தமாகச் சுண்ணாம்பு அடித்து விட்டுவிடுங்கள். நான்கடிக்கு மூன்றடியில் மரச்சட்டம் ஒன்று செய்து கெட்டித் துணியை இழுத்துக் கட்டி, குழந்தையையே பலூன்கள் வரையச் சொல்லுங்கள். வட்டத்துக்கு ஒரு தட்டு, கூடைக்கு ஒரு தீப்பெட்டி. கோலம் போடும் தங்கள் கை சற்று உதவினால் போதும். நிறம் கேட்டீர்களே: பின்புலம் வெளிர் நீலமாகவோ சந்தன நிறமாகவோ இருக்கட்டும், அடர்ந்த வண்ணங்கள் பலூன்களில் மட்டும் இருக்கட்டும். சட்டத்தின் பின்புறம் நான்கு மூலையிலும் ஓர் அங்குலக் கட்டை வைத்தால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று ஓடும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். மாற்றல் உத்தரவு வந்தால் பாத்திரப் பண்டத்தோடு அதுவும் லாரியில் ஏறும்.

கூடைக்குள் யார் இருப்பார்கள் என்று குழந்தை கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஆடு, வாத்து, சேவல் என்று சொல்லுங்கள். மனிதர் முதன்முதலில் கட்டுக்கயிறு இல்லாமல் பலூனில் பறந்தது அதே 1783, நவம்பர் 21. சரியாக 180 ஆண்டுகள் கழித்து, 1963 நவம்பர் 21 அன்று, இதே நகரின் தும்பாக் கடற்கரையிலிருந்து நம் நாட்டின் முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியது. பலூன்களுக்குப் பக்கத்தில் அதற்கும் ஓர் இடம் விடச் சொல்லுங்கள். அந்த நாளிலேயே படத்தை மாட்டலாம். ஆணி அடிப்பதற்கு மட்டும் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.