பீடி மேல் பழி

"எவனாவது பீடியை அணைக்காம போட்டிருப்பான் சார்!"

நிலக்கரிக் கிடங்கொன்றில் புகை கிளம்பிய செய்தியைப் பார்த்துவிட்டு, ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் என்னிடம் சொன்ன தீர்ப்பு. சாட்சி வேண்டாம், விசாரணை வேண்டாம். பீடி பிடிக்கிற ஒப்பந்தத் தொழிலாளி ஒருவன் கிடைத்தால் நம் நாட்டில் எந்தத் தீக்கும் காரணம் கிடைத்துவிடும்.

ஐயா, ஜார்க்கண்டில் ஜாரியா நிலக்கரிப் படுகையில் 1916-இல் பதிவான தீ இன்னும் அடங்கவில்லை. நூறாண்டு கடந்து கனல்கிறதே, அது எந்தக் கம்பெனிப் பீடி?

வெட்டியெடுத்த கரி காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அப்போது சூடு பிறக்கும். கொஞ்சமாகக் கிடந்தால் சூடு காற்றோடு போய்விடும். மலைபோலக் குவித்தால் உள்ளேயே தங்கி, மேலும் சூட்டைக் கிளப்பும்; கடைசியில் கரி தானாகவே பற்றிக்கொள்ளும். ஈரம் காயாத வைக்கோல்போருக்குள் கைவிட்டுப் பார்த்த விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம். பொறியாளருக்குத்தான் பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி, இந்தோனேசியாவிலிருந்து கப்பலில் வரும் இளங்கரி இவையெல்லாம் சீக்கிரம் சூடேறும் சாதி. தூள் அதிகமானாலும், பைரைட் என்ற கனிமம் கலந்திருந்தாலும், காய்ந்த கரிமேல் மழை பெய்தாலும் ஆபத்து கூடும். ஆய்வகத்தில் கரியைச் சூடேற்றி, அதன் வெப்பம் உலையின் வெப்பத்தை எப்போது முந்துகிறது என்று பார்ப்பார்கள். 140 டிகிரிக்குள் முந்தினால் எளிதில் பற்றும். 160-ஐத் தாண்டினால் பயம் குறைவு. உடனே கோப்பில் 'ஆபத்தில்லை' என்று முத்திரை! சோதித்தது ஒரு பிடி கரி. கிடங்கில் கிடப்பதோ ஆயிரக்கணக்கான டன். ஜாரியாவில் இருப்பது இளங்கரிகூட இல்லை, எஃகாலைகள் தேடிப்போகும் கோக்கிங் கரி. அதுவே எரிகிறது. பீடியோ?

புகை கிளம்பிய பிறகு தண்ணீர் பீய்ச்சும் வைபவம். மேற்பரப்பு குளிரும், கேமராவுக்கும் திருப்தி. அடியில் கனன்றுகொண்டிருக்கும் கரியில் தண்ணீர் பட்டால் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கிளம்பும் என்பது யாருக்கு வேண்டும்? கடைசியில் வேலை போவது காவலாளிக்கு. பழைய கரியை அடியிலேயே விட்டுவிட்டுப் புதுக்கரியை மேலே கொட்டச் சொன்ன அதிகாரி அடுத்த பதவி உயர்வுக்குக் காத்திருப்பார்.

அடுத்த முறை கிடங்கில் புகை என்று செய்தி வந்தால், அடியிலிருக்கும் கரி கொட்டப்பட்ட தேதியைக் கேளுங்கள். காற்றுப் புகாதபடி குவியலைப் புல்டோசர் விட்டு அழுத்தினார்களா, உள்வெப்பத்தைக் கடைசியாக அளந்தது எப்போது என்றும் கேளுங்கள். பதில் வராவிட்டால், குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும்.