அதுக்கு இதுல பட்டன் இல்லையே!

மக்களே, இந்தப் பதிவு கொஞ்சம் காட்டமா இருக்கும். டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன்: விர்ச்சுவல் டேபிள்டாப்பே வேண்டாம்னு நான் சொல்லலை. எங்க குழுவில் ஆறு பேர், நாலு ஊர், மூணு டைம் ஜோன். அது இல்லேன்னா நாங்க ஆடவே முடியாது. என் சண்டையெல்லாம் அதுகிட்ட நாம எந்தெந்த வேலையைத் தூக்கிக் கொடுக்கறோம்கிறதைப் பத்தித்தான்.

புதுசா வர்றவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகை ஆட்டங்களுக்கெல்லாம் மூத்தண்ணன். ஒருத்தர் கதையை நடத்துவார். அவர்தான் டன்ஜன் மாஸ்டர். மத்தவங்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். "சத்திரத்துக்குள்ள நுழையறீங்க. நாலு முரடனுங்க உக்காந்திருக்கானுங்க. என்ன செய்யறீங்க?" இந்த "என்ன செய்யறீங்க"தான் மொத்த ஆட்டமும். பரமபதத்தில் பகடை சொல்ற கட்டத்துக்குத்தான் போயாகணும். இங்கே எங்க வேணா போகலாம், நடக்குமா நடக்காதான்னு சந்தேகம் வர்ற இடத்தில் மட்டும் 20 முகப் பகடையை உருட்டணும்.

இந்த மேசையைத் திரைக்குக் கொண்டுவரத்தான் 2004-ல் ஃபேன்டசி கிரவுண்ட்ஸ், 2012-ல் ரோல்20, 2020-ல் ஃபவுண்ட்ரின்னு வரிசையா வந்தது. நல்ல விஷயம்தான். ஆனா இன்னிக்கு ஒரு டேபிள்டாப்பைத் திறந்தா எதிரி மேல ஒரு கிளிக், வாள் மேல ஒரு கிளிக். அதுவே பகடையை உருட்டி, கவசத்தோட ஒப்பிட்டு, உயிர்ப்புள்ளியைக் கழிச்சுடும். உங்க கையில் இருக்கிற தீவட்டி வெளிச்சம் எந்தச் சுவர் வரைக்கும் போகும்கிறதையும் அதுவே கணக்குப் போட்டுக் காட்டும். பார்க்க ஜோராத்தான் இருக்கு.

இப்போ எங்க குழுவில் நடந்த கதை. நாங்க எல்லாரும் ஒரே ஊரில் இருந்த காலத்தில் இதே மாதிரி ஒரு சத்திரச் சண்டை. நண்பர் ஒருத்தர், "விளக்கெண்ணெயைப் படிக்கட்டுல கொட்டறேன்"னார். நான் பத்து செகண்ட் யோசிச்சேன். "சரி, உருட்டுங்க"ன்னேன். மேலேருந்து ஓடிவந்தவன் ஒவ்வொருத்தனா வழுக்கி விழுந்தான். சத்திரம் தீப்பிடிச்சு, சத்திரக்காரன் எங்களுக்கு ஜென்ம எதிரியாகி, அடுத்த ஆறு மாசக் கதை அந்த எண்ணெயில்தான் ஓடிச்சு.

போன மாசம் திரையில் அதே மாதிரி ஒரு சண்டை. அதே நண்பர். அவரும் பத்து செகண்ட் யோசிச்சார். ஆனா அவர் யோசிச்சது சத்திரத்தைப் பார்த்து இல்லை, பக்கவாட்டில் இருக்கிற பட்டன் வரிசையைப் பார்த்து. "வாளால வெட்டறேன்." அடுத்த சுற்றிலும் வெட்டறேன். ஆட்டம் முடிஞ்சப்புறம் கேட்டேன், "ஏங்க, பையில எண்ணெய் இருந்துச்சே?" அவர் சொன்ன பதில்தான் தலைப்பு.

எனக்குத் தூக்கமே வரலை சாமி. ஏன்னா குத்தம் அவரோடது மட்டுமில்லை. அந்தச் சத்திரத்துக்கு நான் மூணு ராத்திரி உக்காந்து சுவர் சுவரா கோடு இழுத்து, ஒவ்வொரு விளக்குக்கும் வெளிச்சம் வச்சிருந்தேன். அவங்க முதல்ல "சத்திரம் வேணாம், காட்டுவழியா போறோம்"னுதான் சொன்னாங்க. உடனே நான் மழையைக் கொட்டவச்சு, பாலத்தை உடைச்சு, சத்திரத்துக்குள்ளயே தள்ளினேன். உழைச்சு வரைஞ்சது வீணாயிடுமேங்கிற அல்பத்தனம். வெறும் பேச்சா இருந்திருந்தா காட்டை அங்கேயே உண்டாக்கியிருப்பேன். காட்டுக்கு என்ன செலவு, ரெண்டு வாக்கியம்!

"கணக்கை மெஷின் பார்த்துக்கிட்டா கதைக்கு நேரம் கிடைக்குமே?"ன்னு கேப்பீங்க. கூட்டல் கழித்தல்ல தடுமாறுறவங்களுக்கு அது பெரிய உதவி, ஒத்துக்கறேன். ஆனா மத்தவங்களுக்கு? விதியே தெரியாமப் போயிடுது. தெரியாத விதியை எப்படி வளைக்கிறது? வளைக்க முடியறதாலதானே இது வீடியோ கேம் இல்லை?

இதில் காசு அரசியலும் இருக்கு. 2023 ஜனவரியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கம்பெனியான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் ஒரு உரிம வரைவு விட்டது. மேஜிக் மிஸைல் மந்திரம் திரையில் பறந்து போய் அடிக்கிற மாதிரி அனிமேஷன் போட்டா அது மேசை அனுபவம் இல்லை, வீடியோ கேம் மாதிரின்னு அதோட கொள்கையில் இருந்தது. சொன்னது சரி, சொன்ன வாய்தான் தப்பு! அதே கம்பெனி 2022-லயே அன்ரியல் எஞ்சினில் சொந்தமா ஒரு முப்பரிமாண மேசை செய்யறோம்னு காட்டியிருந்தது. ஆட்டக்காரர்கள் போட்ட கூச்சலில் வரைவு வாபஸ், அந்த மாசமே அடிப்படை விதிகள் கிரியேட்டிவ் காமன்ஸுக்கு வந்துச்சு. அந்த முப்பரிமாண மேசை சிகில்ங்கிற பேரில் 2025 பிப்ரவரியில் வந்தது. மார்ச்சிலேயே அந்தக் குழுவில் பெரும்பாலானவங்களுக்கு வேலை போச்சு.

2024 ஆகஸ்ட் கதை இன்னும் விசேஷம். டி அண்ட் டி பியாண்டில் காசு கொடுத்து வாங்கின பழைய மந்திரங்களை, கேரக்டர் ஷீட்டில் புதுப் பதிப்பு வச்சு மாத்திடுவோம்னாங்க. எதிர்ப்பு கிளம்பவும் சில நாளில் பின்வாங்கினாங்க. என் அலமாரியில் இருக்கிற புத்தகத்தை ராத்திரியோட ராத்திரியா எவனும் திருத்த முடியாது. பட்டன்ல ஆடப் பழகிட்டா, பட்டன் வச்சிருக்கிறவன் சொல்றதுதான் விதி.

நாங்க இப்போ ஒரு முடிவுக்கு வந்திருக்கோம். வெள்ளைப் பலகை மாதிரி ஒரு வெத்து மேப், ஆளுக்கொரு டோக்கன், பகடை, குரல். அவ்வளவுதான். வெளிச்சமும் ஆட்டோமேஷனும் கட். யாராவது பட்டன் தேடினா, "கண்ணை மூடிக்கிட்டு சொல்லுங்க, என்ன செய்யறீங்க?"ன்னு கேக்கறேன். போன ஞாயித்துக்கிழமை அதே நண்பர் கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அந்த ஆட்டு மந்தையை அவிழ்த்து விடறேன்"னார்.

மேப்பில் ஆடே இல்லை மக்களே. நான் வைக்கவே இல்லை. "சரி, உருட்டுங்க"ன்னேன் :-)

பி.கு: டைனமிக் லைட்டிங் ரசிகர் மன்றத்தார் ஆட்டோ அனுப்பறதா இருந்தா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மட்டும் வேண்டாம். ஆட்டம் இருக்கு.